சீழை வடிக்க வேண்டாம் என்று உத்தரவிட்டவர்களுக்கு

சிறு மருத்துவமனைகளுக்கு விதிமுறை வகுக்கும் சுகாதார நிர்வாகிகளின் பார்வைக்கு,

அடிவயிற்றில் சீழ்க்கட்டி இருக்குமோ என்று சந்தேகம் எழும் பெண்களைச் சிறு மருத்துவமனைகளில் வைத்துக்கொள்ளக் கூடாது, அங்கே சீழ் வடிக்கும் முயற்சி எதுவும் நடக்கக் கூடாது, உடனே மேல்நிலை மருத்துவமனைக்கு அனுப்பிவிட வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருக்கிறது. அதன் பின்பக்கத்திலேயே, பயன்பாடு குறைவு என்ற காரணம் காட்டிச் சில பொருட்களைக் கொள்முதல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டீர்கள். நரம்பு வழி ஏற்றும் மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாட்டிக்கும், முதுகுத்தண்டு ஊசியை ஒத்த நீளமான ஊசிகளும் அதில் அடக்கம். பெண்கள் பிரிவில் பணிபுரியும் மருத்துவர் நான். படித்ததற்கு அடையாளமாகக் கையெழுத்துப் போட்டு அதைக் கோப்பில் செருகிவிட என்னால் முடியவில்லை.

உங்கள் கவலை எனக்குப் புரியாமல் இல்லை. பெண்ணுறுப்பின் வழியாகச் சீழை வடிக்கும்போது எங்கோ ஒரு மருத்துவமனையில் மலக்குடல் கிழிந்து, புகாராகி, விசாரணை வரை போயிருக்கிறது என்று பேச்சு. அது நடக்கக்கூடியதுதான். ஆனால் அதற்கு நீங்கள் கண்டுபிடித்த பரிகாரம், நோயாளியைக் கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு அனுப்பிவிடுவது. அனுப்பியதோடு எங்கள் பதிவேட்டில் அவர் கதை முடிந்துவிடுகிறது. வழியில் என்ன ஆனது, போன இடத்தில் என்ன ஆனது என்பது நமது எந்த அறிக்கையிலும் ஏறுவதில்லை.

சுற்றறிக்கை, சந்தேகம் வந்த பிறகு என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறது. வார்டில் நாங்கள் பார்க்கும் சிக்கல் அதற்கு முந்தையது. சந்தேகமே வருவதில்லை.

கருக்குழாயில் பிடித்த தொற்று முற்றினால் குழாயும் சினைப்பையும் ஒட்டிக்கொண்டு சீழ்ப்பையாகின்றன. பிரசவம், சிசேரியன், கருப்பை அகற்றும் அறுவை, பாதுகாப்பற்ற கருக்கலைப்பு, வெடித்த குடல்வால், டைஃபாய்டில் ஓட்டை விழுந்த குடல் என்று வேறு வழிகளிலும் சீழ் வந்து சேரும். எங்கிருந்து கிளம்பினாலும் அது தேங்குவது வயிற்றறையின் மிகத் தாழ்ந்த பள்ளத்தில், கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடையில். ஸ்காட்லாந்தின் உடற்கூறியலாளர் ஜேம்ஸ் டக்ளஸ் 1730-இல் விவரித்ததால் அதை டக்ளஸ் பை என்கிறோம். ஒரு பெண்ணின் வயிற்றுக்குள் இவ்வளவு ஆழத்தில் இருக்கும் அந்த இடம், ஒரு விரல் நீளத்தில் எட்டக்கூடியது. இது எங்களுக்கு இயற்கை தந்திருக்கும் பெரிய சலுகை. அந்தச் சலுகையைத்தான் உங்கள் சுற்றறிக்கை பறிக்கிறது.

மலக்குடலை ஒட்டித் தேங்கும் சீழ் மலக்குடலை உறுத்தும். அடிக்கடி மலம் வருவதுபோல் இருக்கும், போனால் சளி மட்டும் வரும். சிறுநீர்ப்பையை உறுத்தினால் நீர்க்கடுப்பு. ஆகவே இந்தப் பெண்கள் சீதபேதி என்றும் சிறுநீர்த் தொற்று என்றும் பெயர் வாங்கிக்கொண்டு பொது மருத்துவ வார்டில் கிடப்பார்கள்.

அப்படி ஒருவர் எங்கள் மருத்துவமனையில் இருந்தார். சிசேரியன் ஆகிச் சில வாரங்கள். மலப் பரிசோதனையில் ஒன்றுமில்லை. காலை ரவுண்ட்ஸின்போது உடம்பு குளிர்ந்திருக்கும், மாலையில் காய்ச்சல் ஏறும், இரவில் வியர்த்துக் கொட்டும். மாலை டியூட்டியில் இருந்த ஸ்டாஃப் நர்ஸ்தான் என்னைத் தேடி வந்தார். "டாக்டர், அந்த அம்மா உட்கார்ந்தா ஒரு பக்கமாத்தான் சாய்ஞ்சு உட்கார்றாங்க. நீங்க ஒரு தடவை பாருங்களேன்" என்றார். மலவாய் வழியாக விரல் வைத்துப் பார்த்தேன். மலக்குடலின் முன்சுவர் மெத்தென்று வீங்கி, சூடாக, என் விரலை நோக்கித் தள்ளிக்கொண்டு இருந்தது. லேசாக அழுத்தியதும் அவர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். கேஸ் ஷீட்டைப் புரட்டினால், அதுவரை பார்த்தவர்களில் ஒருவர்கூட இந்தப் பரிசோதனையைச் செய்யவில்லை.

அவர்களுக்கு அது தெரியாது என்று நினைக்காதீர்கள். அந்த வார்டில் மறைவுத் திரை இல்லை. பெண் நோயாளியைப் பரிசோதிக்கும்போது உடன் நிற்கப் பெண் பணியாளர் கிடையாது. கையுறைகளுக்கு மாதக் கணக்கு கேட்கிறீர்கள். நாற்பது பேர் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எந்த இளம் மருத்துவர் ஒரு பெண்ணிடம் இந்தப் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்பார்? கேட்காமல் விட்டுவிடுவார். சிப்ரோஃப்ளாக்சசின் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

காய்ச்சல் இருந்தால்தான் சீழ் என்றும் இல்லை. கருக்குழாய்ச் சீழ்க்கட்டியோடு வரும் பெண்களில் கணிசமான பேருக்கு வந்த அன்று காய்ச்சல் இருக்காது, சிலருக்கு ரத்த வெள்ளணு எண்ணிக்கைகூட இயல்பாகவே இருக்கும். உங்கள் சுற்றறிக்கையில் இந்த இரண்டையும்தான் அடையாளமாகக் கொடுத்திருக்கிறீர்கள். கருப்பை வாயை அசைத்தால் வலி, பக்கவாட்டில் தொட்டால் வலிக்கும் கட்டி, பின்பக்கம் உப்பிக்கொண்டு நிற்பது ஆகியவை விரலுக்கு மட்டுமே தெரிபவை. எந்தத் தாளும் அவற்றைக் கண்டுபிடிக்காது.

கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. கருவைக் கலைத்துக்கொண்டு வந்த பெண், உடன் வந்தவர்கள் முன்னால் அதைச் சொல்லவே மாட்டார். காவல் துறைக்குச் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேறு. எல்லாரையும் வெளியே அனுப்பிவிட்டு, நீங்கள் சொல்வது இந்த அறையைத் தாண்டாது என்று உறுதி கொடுத்துக் கேட்டால் சொல்வார். அப்படிக் கேட்க ஒரு அறை வேண்டும். உங்களிடம் நான் கேட்கப்போகும் எல்லாவற்றிலும் செலவு குறைந்தது அந்த அறையாகத்தான் இருக்கும். கதவு மூடினால் போதும்.

அடுத்து ஸ்கேன். எங்களிடம் கருவி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது. மாலைக்குப் பிறகு அந்த அறை பூட்டியிருக்கும், சாவி பகல் பணியாளரோடு வீட்டுக்குப் போய்விடும். சிறுநீர்ப்பை நிரம்பியிருக்கும்போது வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் சாதாரண ஸ்கேனே, கருப்பைக்குப் பின்னால் கலங்கலான நீர் தேங்கியிருப்பதைப் பெரும்பாலும் காட்டிவிடும். சி.டி. இல்லாமல் இதைக் கண்டறியவே முடியாது என்ற எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

ஸ்கேனும் இல்லாத இடத்தில் ஊசி இருக்கிறது. முதலில் கர்ப்பப் பரிசோதனை, கட்டாயம். பிறகு கருப்பை வாயின் பின்புற உதட்டைப் பிடித்துத் தூக்கி, அதற்குக் கீழே நடுக்கோட்டில் நீளமான ஊசியைச் செலுத்தி உறிஞ்சிப் பார்ப்பது. சீழ் வந்தால் சீழ்க்கட்டி. உறையாத ரத்தம் வந்தால் இடம் மாறிய கர்ப்பம் வெடித்திருக்கலாம், வயிற்றைத் திறக்கத் தயாராக வேண்டும். தெளிந்த மஞ்சள் நீர் வந்தால் வேறு திசையில் யோசிக்க வேண்டும். எதுவுமே வரவில்லை என்றால் சீழ் இல்லை என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சில நிமிடங்களில் முடியும் இந்தப் பரிசோதனைக்குத் தேவையான ஊசியைத்தான் பயன்பாடு குறைவு என்று நீக்கியிருக்கிறீர்கள். தீயணைப்பான் கருவியும் பயன்பாடு குறைந்ததுதான்.

மருந்துக்கு வருகிறேன். உலகச் சுகாதார நிறுவனம் 2000-ஆம் ஆண்டு வெளியிட்ட மகப்பேற்றுச் சிக்கல்களுக்கான கையேடு, எங்களைப் போன்ற மருத்துவமனைகளை மனத்தில் வைத்தே எழுதப்பட்டது. இடுப்புக்குழிச் சீழ்க்கட்டிக்கு அது சொல்வது: ஆம்பிசிலின் 2 கிராம் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, ஜென்டாமைசின் உடல் எடையில் கிலோவுக்கு 5 மி.கி. நாளுக்கு ஒரு முறை, மெட்ரோனிடசோல் 500 மி.கி. 8 மணி நேரத்துக்கு ஒரு முறை. சீழை வடிப்பதற்கு முன்பே தொடங்கி, காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் ஆகும் வரை. இந்தச் சீழில் ஒரே ஒரு கிருமி இருப்பதில்லை. குடலில் வாழும் ஈ.கோலை, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகள், காற்றில்லாமல் வாழும் பாக்டீராய்டிஸ் எல்லாம் கூட்டாகக் குடியிருக்கும். அந்தக் காற்றில்லா உயிரிகளைக் கவனிக்கத்தான் மெட்ரோனிடசோல். வாய்வழி மாத்திரையாகவும் அது நன்றாகவே உடலில் சேரும், அதை மறுக்கவில்லை. ஆனால் வயிறு உப்பி, குடித்த தண்ணீரையும் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு மாத்திரையை எப்படிக் கொடுப்பது?

மருந்து மட்டுமே போதுமான கட்டிகளும் உண்டு. கருக்குழாயை ஒட்டிய சிறிய சீழ்க்கட்டிகள் பெரும்பாலும் மருந்துக்கே அடங்கும். காய்ச்சல் தணிந்ததும் டாக்சிசைக்ளினும் மெட்ரோனிடசோலும் வாய்வழி கொடுத்து மொத்தம் 14 நாளாவது முடிக்க வேண்டும். பாலுறவுத் தொற்றில் தொடங்கியதென்றால் துணைவருக்கும் சிகிச்சை தேவை. எங்கள் பதிவேட்டில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஆக, எல்லாருக்கும் கத்தி வேண்டும் என்று நான் வாதாடவில்லை. 48 முதல் 72 மணி நேரத்துக்குள் தணியவில்லை என்றாலோ, கட்டி பெரிதாக இருந்தாலோ, மருந்தை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியாது. சீழ்ப்பைக்குள் ரத்த ஓட்டம் இல்லை, ஆக்சிஜன் இல்லை, அமிலத்தன்மை அதிகம். ஜென்டாமைசின் கிருமிக்குள் நுழைவதற்கே ஆக்சிஜன் வேண்டும். நாம் ஏற்றும் மருந்து கட்டியின் வாசலில் நின்றுவிடுகிறது. மேலும் மேலும் விலை உயர்ந்த ஆன்டிபயாட்டிக்குக்கு மாற்றிக்கொண்டே போவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உள்ளே சீழ் அப்படியே இருக்கும்.

நீங்கள் தடை செய்திருக்கும் அந்த அறுவையைப் பற்றி, அதை ஒருபோதும் பார்த்திராதவர்கள் முடிவெடுத்திருக்கலாம் என்று தோன்றுவதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கட்டி நடுக்கோட்டில் இருக்க வேண்டும். தொட்டால் உள்ளே நீர் தளும்புவது தெரிய வேண்டும். பெண்ணுறுப்பின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு கீழே இறங்கியிருக்க வேண்டும். மூன்றும் இருந்தால்தான் கை வைப்போம். கீட்டமின் மயக்கம் போதும். கிருமி ரத்தத்தில் பரவியிருக்கும் நோயாளிக்கு முதுகில் ஊசி போடுவதைவிட அதுவே நல்லது. சிறுநீரைக் குழாய் வைத்து வடித்துவிடுகிறோம். முதலில் ஊசி. சீழ் வந்தால், ஊசியை எடுக்காமல் அது நிற்கும் இடத்திலேயே சிறு கீறல். அதற்குள் கூர்மையில்லாத இடுக்கியை மூடியபடி விட்டு விரித்து எடுத்து, பிறகு விரலை விட்டு உள் அறைகளை மெல்லப் பிரித்துவிட வேண்டும். முதலில் பீறிட்டு வந்து, பிறகு நிதானமாக வடியும். அந்த நாற்றம் தியேட்டரை விட்டு மாலை வரை போகாது. காற்றில்லாக் கிருமிகளின் முத்திரை அது. வடிகுழாய் இல்லையென்றால் அறுவைக் கையுறையின் விரல் நுனிகளை வெட்டி அதையே வடிகாலாக வைக்கலாம். இது நான் கண்டுபிடித்த சாமர்த்தியம் அல்ல, மேற்சொன்ன கையேட்டிலேயே இருக்கிறது. மறுநாள் மாலை வெப்பநிலை அட்டவணையில் கோடு இறங்கியிருக்கும். மலக்குடல் கிழிவது பெரும்பாலும் ஊசியில் சீழ் வராத இடத்தில் கீறுவதாலும், நடுக்கோட்டை விட்டு விலகுவதாலும்தான். இதைத் தவிர்க்கப் பயிற்சி போதும், தடை தேவையில்லை.

நான் முன்பு சொன்ன சிசேரியன் பெண்ணுக்கு இதைத்தான் செய்தோம். குழந்தையைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு, பால் கொடுத்துக்கொண்டே தேறி வீட்டுக்குப் போனார்.

சுற்றறிக்கை வந்த பிறகு வந்தவரின் கதை வேறு. கருக்கலைப்புக்குப் பின் காய்ச்சலோடு வந்த இளம்பெண். மூன்று அறிகுறிகளும் தெளிவாக இருந்தன. தியேட்டர் காலியாக இருந்தது, மயக்க மருந்து கொடுப்பவரும் இருந்தார். டியூட்டி மருத்துவர் உங்கள் தாளைக் காட்டினார், நான் எதிர்த்துப் பேச முடியவில்லை. முதல் டோஸ் மருந்தை ஏற்றி அனுப்பினோம். போன இடத்தில், எங்கள் கடிதத்தில் எழுதியிருந்ததை நம்பாமல் ஸ்கேனுக்கு வரிசையில் வைத்தார்கள். காத்திருந்தபோதே கட்டி வயிற்றுக்குள் வெடித்துவிட்டது. உயிர் பிழைத்தார். கருப்பையும் இரண்டு சினைப்பைகளும் போய்விட்டன. இரண்டு விரற்கடை கீறல் ஆபத்தென்று அனுப்பப்பட்டவர், வயிற்றை நெடுகத் திறந்து தைத்த தழும்போடும், இருபதுகளிலேயே மாதவிடாய் நின்றுபோன உடம்போடும் எங்களிடம் தையல் பிரிக்க வந்தார். நீங்கள் வைத்திருக்கும் புள்ளிவிவரத்தில் அவர் "உரிய நேரத்தில் அனுப்பப்பட்டவர்".

அனுப்பவே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வெடித்துவிட்டதாகத் தோன்றினால், கட்டி மேலே விரலுக்கு எட்டாத இடத்தில் இருந்தால், குடல் ஓட்டை என்று சந்தேகித்தால், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு இந்தக் கட்டி வந்தால் — அதற்குப் பின்னால் புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் — நாங்களே வாகனத்தைக் கூப்பிடுவோம். குறைந்த வசதியுள்ள இடங்களுக்கென்றே வடிவமைத்து மலாவியில் நடைமுறைப்படுத்திப் பார்க்கப்பட்ட, தாய்மார்களின் கடும் கிருமித்தொற்றுக்கான ஃபாஸ்ட்-எம் என்ற சிகிச்சைத் தொகுப்பு இருக்கிறது. அதன் வரிசை: திரவம், ஆன்டிபயாட்டிக், தொற்றின் மூலத்தைக் கண்டறிந்து கையாள்வது, தேவையானால் இடமாற்றம், கண்காணிப்பு. இடமாற்றம் நான்காவது. அதை நீங்கள் முதலாவதாக்கி, மூன்றாவதைத் தடை செய்துவிட்டீர்கள். உலக அளவில் மகப்பேற்று மரணங்களில் ஏறத்தாழ பத்தில் ஒன்று கிருமித்தொற்றால் நிகழ்கிறது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் 2014 பகுப்பாய்வு சொன்னது. சீழ்க்கட்டி அதில் ஒரு பங்குதான், ஆனால் நம் கைக்கு எட்டும் பங்கு.

ஆகவே உங்களிடம் கேட்பவை இவை.

சீழ் வடிக்கக் கூடாது என்ற பிரிவைத் திரும்பப் பெறுங்கள். அதற்குப் பதிலாக, யாரைச் சிறு மருத்துவமனையிலேயே கையாளலாம், யாரை அனுப்ப வேண்டும் என்று மருத்துவ அளவுகோல்களை வெளியிடுங்கள். வரைவைப் பெண்கள் நல மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் காட்டிவிட்டு வெளியிடுங்கள். காய்ச்சலையும் வெள்ளணுவையும் மட்டும் அடையாளமாகச் சொல்லும் வரியை எடுத்துவிடுங்கள்.

நீக்கிய பொருட்களைப் பட்டியலில் மீண்டும் சேருங்கள். நரம்பு வழி மெட்ரோனிடசோல், நீளமான ஊசிகள், கீட்டமின், கர்ப்பப் பரிசோதனைப் பட்டை ஆகியவை ஒரு நாள்கூட இருப்பு இல்லாமல் போகக் கூடாதவை. பெண்கள் படுக்கும் ஒவ்வொரு வார்டிலும், பொது மருத்துவ வார்டு உட்பட, திரையோ கதவோ உள்ள ஒரு பரிசோதனை இடமும், எந்த நேரத்திலும் உடன் நிற்க ஒரு பெண் பணியாளரும் வேண்டும். அங்கே நோயாளி சொல்வது வெளியே போகாது என்பதை எழுத்துப்பூர்வமான விதியாக்குங்கள்.

ஸ்கேன் அறையின் சாவியை இரவு டியூட்டியில் இருப்பவரிடம் ஒப்படைக்க உத்தரவிடுங்கள். டக்ளஸ் பையில் நீர் தேங்கியிருக்கிறதா என்ற ஒரே கேள்விக்கு விடை காணும் அளவுக்காவது டியூட்டி மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுங்கள். ஊசி வைத்துப் பார்ப்பதையும் சீழ் வடிப்பதையும் மேல்நிலை மருத்துவமனையின் மூத்தவர்கள் எங்கள் தியேட்டருக்கே வந்து கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

அனுப்பியே ஆக வேண்டியவர்களுக்கு, ஆன்டிபயாட்டிக் முதல் டோஸ் ஏறாமல் வாகனம் கிளம்பக் கூடாது. ட்ரிப்பும் சிறுநீர்க் குழாயும் போட்டு, செவிலியர் ஒருவர் கூடவே போக வேண்டும். ஏற்றுக்கொள்ளும் மருத்துவரிடம் முன்கூட்டியே போனில் பேசியிருக்க வேண்டும். போய்ச் சேர்ந்த நோயாளியை ஸ்கேன் வரிசையில் நிறுத்தாமல் நேரே மூத்த மருத்துவர் பார்க்க வேண்டும். என்ன கண்டார்கள், என்ன செய்தார்கள் என்ற குறிப்பு எங்களுக்குத் திரும்பி வர வேண்டும்.

கடைசியாக, சுற்றறிக்கைக்குப் பிறகு இந்த நோயோடு அனுப்பப்பட்ட ஒவ்வொரு பெண்ணுக்கும் என்ன நடந்தது என்று, பெயர் மறைத்து, இரு பக்க மருத்துவர்களையும் உட்கார வைத்துப் பாருங்கள். எவரையும் குற்றவாளியாக்குவதற்கான கூட்டமாக அது இருக்க வேண்டாம். கூட்டத்தின் தேதியையும், மேலே கேட்டவற்றில் எதைச் செய்வீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதையும் இம்மாத இறுதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அதுவரை, மூன்று அறிகுறிகளும் தெளிவாக உள்ள நோயாளிக்கு மூத்த மருத்துவரின் பொறுப்பில் இங்கேயே சீழ் வடிக்க இடைக்கால அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு சிறு மருத்துவமனையின் பெண்கள் நல மருத்துவர்